ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷம்தானா? தூக்குக் கேட்டு ஹைகோர்ட் போகலாமா?

கேள்வி: குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. 2021-இல் வண்டிப்பாதைத் தகராறில் என் தம்பியை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் இல்லை. போன மாதம் வேலூர் செஷன்ஸ் கோர்ட்டில் முதல் எதிரிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். கூட இருந்த அவன் மச்சானை விடுதலை செய்துவிட்டார்கள். "இவனுக்கெல்லாம் தூக்குதான் சரி. ஆயுள்னா பதினாலு வருஷம், அதுக்குள்ளயே தலைவர் பிறந்தநாள்னு விட்டுடுவாங்க" என்று ஊரே சொல்கிறது. ஹைகோர்ட்டில் தூக்கு வாங்கித் தருவதாக ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார். நகையை விற்றுக் கொடுக்கலாம் என்கிறார் அம்மா. தம்பியின் சிநேகிதன் ஒருவன் மட்டும் தூக்கே கூடாது என்கிறான். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

நகையை விற்காதீர்கள், அம்மா. மற்றதையெல்லாம் அப்புறம் சொல்கிறேன். தூக்கு வாங்கித் தருவதாக எந்த வக்கீலும் வாக்குக் கொடுக்க முடியாது. அப்படிக் கொடுப்பவர் ஒன்று சட்டம் தெரியாதவர், இல்லை உங்கள் துக்கத்தில் காசு பார்ப்பவர்.

உங்கள் தம்பி வழக்குக்குப் பொருந்தும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கு 302-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலை என்றால் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. இரண்டிலும் தண்டனை தூக்கு அல்லது ஆயுள். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆயுள்தான் பொது விதி என்றது. 'அரிதினும் அரிதான' வழக்கில், ஆயுள் தண்டனைக்கு இடமே இல்லை என்னும்போது மட்டும்தான் தூக்கு. பாதைத் தகராறில் ஒருவர் வெட்டுப்பட்டு இறந்த வழக்கை நீதிமன்றங்கள் பொதுவாக அந்த வகையில் சேர்ப்பதில்லை. உங்கள் இழப்பு சின்னது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. கோர்ட் அங்கே இழப்பை அளக்கவில்லை, இவனை உயிரோடு வைத்துத் தண்டிக்க வழியே இல்லையா என்றுதான் பார்க்கிறது.

ஊர் சொல்வதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஊர்க் கோபம் எப்படி மாறும் என்பதை வேலூர்க்காரர்களான நாம் தொரப்பாடி சிறை வாசலிலேயே பார்த்திருக்கிறோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் 2011 செப்டம்பர் 9 அன்று அங்கே தூக்கு என்று நாள் குறித்தார்கள். தமிழ்நாடே கொதித்தது. காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து உயிரை விட்டார். ஆகஸ்ட் 30-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது, அதே நாளில் சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. கருணை மனுவில் பல ஆண்டு தாமதம் என்பதைக் காரணமாகக் காட்டி 2014-இல் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2022-இல் எல்லோரும் சிறையிலிருந்து விடுதலையானார்கள். பெரிய கூட்டம் அதைக் கொண்டாடியது. ஶ்ரீபெரும்புதூரில் அதே குண்டில் செத்துப்போன போலீஸ்காரர்கள், பொதுமக்கள் வீடுகளில் அது கொண்டாட்டமாக இருக்கவில்லை.

2000-இல் தர்மபுரியில் கல்லூரிப் பேருந்தை எரித்து மூன்று மாணவிகளைக் கொன்ற வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கு விதிக்கப்பட்ட மூன்று பேருக்கும் 2016-இல் அது ஆயுளாகக் குறைந்தது. 2018-இல் எம்.ஜி.ஆர் நூற்றாண்டை ஒட்டி இதே வேலூர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். அப்போது, ராஜீவ் வழக்கு மூவரின் தூக்குக்கு எதிராகப் பேசியவர்களில் பலரே 'இது நியாயமா' என்று கேட்டார்கள். இரண்டு கோபத்திலும் நியாயம் இருக்கிறது. உள்ளே இருப்பவன் யார், செத்தவர் யார் என்பதைப் பொறுத்து மாறுகிற ஒன்றை வைத்து ஒரு மனிதனின் கழுத்தை முடிவு செய்ய முடியாது என்பது என் கருத்து. நீதிபதிகள் மக்கள் கருத்தின் குரலாக மாறக் கூடாது என்று பச்சன் சிங் தீர்ப்பும் எச்சரிக்கிறது.

சென்னை முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2018-இல் செங்கல்பட்டு கோர்ட் தூக்கு விதித்தது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025-இல் உச்ச நீதிமன்றம், சாட்சியச் சங்கிலி முழுமையாக இல்லை என்று அந்த ஆளை விடுதலையே செய்துவிட்டது. தூக்குத் தீர்ப்பு வந்த அன்று நிம்மதி அடைந்த அந்தப் பெற்றோருக்குக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. உங்கள் வழக்கில் நீங்கள் பயப்பட வேண்டியது இந்த மாதிரி முடிவுக்குத்தான். எதிரி நிச்சயம் மேல்முறையீடு போவான். கிடைத்த ஆயுள் தண்டனை அங்கே நிற்குமா என்பதுதான் இப்போது உங்கள் முன் இருக்கும் கேள்வி.

சரி, பதினாலு வருஷம். ஆயுள் தண்டனை என்றால் உயிர் இருக்கும் வரை. 1961-லேயே கோட்சேயின் தம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பதினாலு என்ற எண் வேறு பிரிவிலிருந்து வருகிறது. இந்த மாதிரிக் குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு முடியும் முன் அரசு சாதாரண அதிகாரத்தில் விடக் கூடாது என்று பழைய நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவும், புதிய சட்டத்தின் 475-உம் தடை போடுகின்றன. அதாவது 14 வருஷம் ஆனதும் கதவு தானாகத் திறக்காது. அப்போதுதான் விண்ணப்பமே பரிசீலனைக்கு வரும். ஆனால் ஊர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அரசமைப்பின் 161-ஆவது பிரிவில் ஆளுநர் வழியாக விடுவிப்பதற்கு இந்த 14 வருஷத் தடை கிடையாது. 2008-இல் அண்ணா நூற்றாண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் அப்படித்தான் வந்தார்கள். விழாவுக்கு விழா மொத்தமாக விடுவது எனக்கு உடன்பாடு இல்லாத வழக்கம். ஒவ்வொரு கைதியையும் தனித்தனியாகப் பார்த்து, பாதிக்கப்பட்ட வீட்டையும் ஒரு வார்த்தை கேட்டு விட வேண்டும்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உங்களுக்கும் வாய்ப்பு உண்டு. முன்விடுதலைப் பேச்சு வரும்போது நன்னடத்தை அலுவலரும் உள்ளூர் போலீசும் ஊரில் விசாரிப்பார்கள். 'இவன் வந்தால் ஊரில் பிரச்சினை வருமா, யாருக்காவது பயம் இருக்கிறதா' என்பதுதான் அங்கே முக்கியமான கேள்வி. பெரும்பாலும் எதிரியின் வீட்டிலும் டீக்கடையிலும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனவே நீங்களே சிறைக் கண்காணிப்பாளருக்கும் உள்துறைக்கும் இப்போதே ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பி, 'எங்களைக் கேட்காமல் விடக் கூடாது' என்று எழுதி வையுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தவறாக விட்டுவிட்டால் கோர்ட்டுக்கும் போகலாம். குஜராத்தில் பில்கிஸ் பானுவைக் கூட்டு வல்லுறவு செய்து, அவர் குடும்பத்தினரையும் கொன்ற வழக்கில் 11 பேரை அரசு விடுவித்ததை, பாதிக்கப்பட்ட அந்தப் பெண்ணே எதிர்த்துப் போராடி 2024 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தார். இன்னொன்று: என்றாவது அவனை ஊரில் பார்த்தால் பதறாதீர்கள். பரோலில் சில நாள் வந்திருக்கலாம். அது விடுதலை ஆகாது.

இப்போது உடனே செய்ய வேண்டியவை. பணம் செலவழிக்க வேண்டும் என்றிருந்தால் அந்த மச்சானின் விடுதலையை எதிர்ப்பதற்குச் செலவழியுங்கள். பாதிக்கப்பட்டவர் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்று பழைய நடைமுறைச் சட்டத்தின் 372-உம் புதியதன் 413-உம் உரிமை கொடுக்கின்றன. இதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதை உங்கள் பெயரில் போடாதீர்கள், அம்மா பெயரில் போடுங்கள். சட்டம் 'சட்டப்படியான வாரிசு' என்கிறது. கல்யாணம் ஆகாத மகனுக்கு முதல் வாரிசு தாய்தான். நீங்கள் போட்டால் எதிர்த்தரப்பு முதல் நாளே அதைப் பிடித்துக்கொள்ளும். தீர்ப்பு வந்து இரண்டு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுவது நல்லது.

தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்யும் உரிமை மட்டும் குடும்பத்துக்கு இல்லை, அரசுக்குத்தான் இருக்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கீழ்க் கோர்ட் தீர்ப்பைச் சரிபார்க்கச் சொல்லி நீங்கள் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம், அதற்குக் கெடு 90 நாள். அதிலும் தூக்கு கேட்காதீர்கள். 20 அல்லது 25 ஆண்டு வரை எந்தக் குறைப்பும் கூடாது என்று கேளுங்கள். அப்படி விதிக்கும் அதிகாரம் செஷன்ஸ் நீதிபதிக்குக் கிடையாது, உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டும்தான் உண்டு. உடுமலைப்பேட்டை சங்கர் ஆணவக் கொலை வழக்கில் 2020-இல் ஐந்து பேரின் தூக்கைக் குறைத்தபோது சென்னை உயர் நீதிமன்றம் இந்த 25 ஆண்டு வழியைத்தான் எடுத்தது. கீழ்க் கோர்ட் தூக்கே விதிக்காத வழக்கிலும் இப்படி விதிக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீதிபதி காது கொடுத்துக் கேட்கக்கூடிய கோரிக்கை.

அதைவிட அவசரம், எதிரி மேல்முறையீட்டோடு சேர்த்துப் போடும் தண்டனை நிறுத்திவைப்பு மனு. அது கிடைத்தால் ஜாமீனில் வெளியே வந்துவிடுவான், வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். அந்த மனுவில் உங்கள் தரப்பையும் கேட்கச் சொல்லி இடையீட்டு மனு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் பேசலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரரை யாராவது மிரட்டினால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள்.

தம்பியின் சிநேகிதனோடு சண்டை போடாதீர்கள். 1995-இல் சேலம் சிறையில் ஆட்டோ சங்கரைத் தூக்கிலிட்ட பிறகு தமிழ்நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை, அதற்காகக் கொலைகாரர்கள் தண்டனை இல்லாமல் போய்விடவும் இல்லை. நானும் அந்தச் சிநேகிதன் பக்கம்தான். உங்கள் தம்பியை வெட்டியவன் நீண்ட காலம் உள்ளே இருக்க வேண்டும் என்பதில் உங்கள் பக்கமும்தான்.

வருகிற திங்கட்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்குப் போங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிட்டு, அங்கேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இரண்டு மனு கொடுங்கள். ஒன்று, உயர் நீதிமன்றத்தில் இலவச வக்கீல் வேண்டும் என்று. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இன்னொன்று, பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் அம்மாவுக்கு இழப்பீடு கேட்டு. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர் நகல், அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால், குடியாத்தம் தாலுகா ஆபீசில் தாசில்தாரிடம் அதற்கு நாளைக்கே மனு கொடுத்துவிடுங்கள்.