வாசகர் கேள்வி – பதில்: கோல் போட்டவருக்குப் போலீஸ் காவல்

கேள்வி: துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு முன்னால் பிரிட்டனில் அதிக ஒலிம்பிக் தங்கம் வென்றவர் ஒரு வாட்டர்போலோ (நீரில் நீந்தியபடி ஆடும் பந்தாட்டம்) வீரராமே, யார் அவர்?

பதில்: பால் ராட்மிலோவிச். பெயரைப் பார்த்து வெளிநாட்டுக்காரர் என்று நினைக்காதீர்கள், 1886-ல் வேல்ஸின் கார்டிஃபில் பிறந்தவர். அப்பா குரோஷியர், அம்மா ஐரிஷ் வம்சாவளி. நண்பர்களுக்கு 'ராடி'.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் வாட்டர்போலோவில் தங்கம் வென்றார். கடைசி நேரத்தில் ஆள் தேவைப்பட, 4x200 மீட்டர் நீச்சல் ரிலேயிலும் இறக்கிவிட்டார்கள். அதிலும் தங்கம்! போட்டி நடந்த இடம்தான் வேடிக்கை: வொயிட் சிட்டி ஸ்டேடியத்தில் ஓட்டப்பாதைக்கு உள்பக்கம் 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீச்சல் தொட்டி.

1912 ஸ்டாக்ஹோமில் வாட்டர்போலோவில் மறுபடி தங்கம். 1916-ல் முதல் உலகப் போரால் ஒலிம்பிக்கே நடக்கவில்லை. அப்புறம் 1920, ஆன்ட்வெர்ப். ராடிக்கு 34 வயது. எனக்கு அந்த இறுதிப் போட்டிதான் ரொம்பப் பிடித்தது. எதிரணி பெல்ஜியம், சொந்த ஊர்க் கூட்டம், ஸ்கோர் 2-2. முடிய சில நிமிடங்களே இருக்க, ராடி ஒரு கோலைப் போட்டுவிட்டார். தோற்ற ஆத்திரத்தில் கூட்டம் பிரிட்டிஷ் வீரர்கள் மேல் பாய்ந்தது, போலீஸ் காவலோடுதான் அவர்களை வெளியே கூட்டிப்போனார்கள். வேறு யாருக்காவது கோல் போட்டால் மாலை விழும்!

நான்கு தங்கத்தோடு விட்டாரா? இல்லை. 1924-லும், 42 வயதில் 1928-லும் ஆடினார். பிறகு வெஸ்டன்-சூப்பர்-மேரில் ஹோட்டல் நடத்தினார். 1967-ல் சர்வதேச நீச்சல் புகழ்கூடத்தில் இடம் கிடைத்தது, அடுத்த ஆண்டே காலமானார். அவரது சாதனை 2000 வரை நின்றது. சிட்னியில் ஐந்தாவது தங்கம் வாங்கித்தான் ரெட்கிரேவ் முறியடித்தார்.

கேள்வி: அந்தக் காலத்து ஆட்டமும் இப்போது போலத்தானா?

பதில்: பக்கத்துக்கு ஏழு பேர் என்பது அப்படியே. ஆனால் பந்து தோல் பந்து, ஊற ஊறக் கனக்கும். யாராவது தவறு செய்து நடுவர் விசில் ஊதினால் எல்லோரும் இருந்த இடத்திலேயே மிதக்க வேண்டும், பந்தை எறிபவர் கையைவிட்டு அது போன பிறகுதான் நகரலாம். அதனால் விசிலுக்கு முன்பே நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறவன்தான் கெட்டிக்காரன். 34 வயதில் ராடிக்கு கால் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், இடம் தெரியாமலா போயிருக்கும்?