வாசகர் கேள்வி பதில்: முட்டுத் தேய்மானமும் ஸ்டெம் செல் ஆய்வும்

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்துவிட்டாள். வெளியூரில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. ஸ்டெம் செல்களைக் கொண்டு மூட்டு நோயின் மரபணுக் காரணங்களை ஆராய்வதாம். என் மாமியார் அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) குத்தவைத்து வேலை பார்த்தே முட்டு தேய்ந்தவர். அவருக்கு ஸ்டெம் செல் ஊசி போட ஒரு கிளினிக்கில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். மகள் செய்யப் போவதும் இதுதானா? ஐந்து வருடம் அனுப்பலாமா?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: மகளை அனுப்புங்கள் அம்மா. ஊசிக்குப் பணம் கட்டுவதை மட்டும் நிறுத்தி வையுங்கள். இரண்டும் வேறு வேறு. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்.

நானும் இதே துறையில் பிஎச்.டி. செய்தவள். ஊர் தக்கலைப் பக்கம். உங்கள் மகள் அங்கே போய் என்ன செய்வாள் என்று சொல்கிறேன்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் தொடை எலும்பின் உருண்டைத் தலையை வெட்டி எடுப்பார்கள். நோயாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், கழிவாகப் போக வேண்டிய அந்த எலும்பு ஆய்வகத்துக்கு வரும். உள்ளே இருக்கும் மஜ்ஜையைக் கழுவி எடுத்து பிளாஸ்டிக் தட்டில் விட்டால் ஸ்டெம் செல்கள் அடியில் ஒட்டிக்கொள்ளும், ரத்த செல்களைக் கழுவிவிடலாம். ஒட்டியவற்றைப் பெருக்கி, இரண்டரை லட்சம் செல்களைச் சின்னக் குழாயில் போட்டுச் சுழற்றி அடியில் படிய வைப்போம். டி.ஜி.எஃப். பீட்டா என்ற புரதம் கலந்த திரவத்தில் வளர்த்தால், மூன்று வாரத்தில் ஜவ்வரிசி மாதிரி ஒரு வெள்ளை மணி திரண்டிருக்கும். அது குருத்தெலும்பு, மூட்டில் எலும்பு நுனிகளை மூடியிருக்கும் வழுவழுப்பான உறை. மூட்டுத் தேய்மானத்தில் தேய்வது இதுதான். அதை மெல்லிசாகச் சீவி அல்சியன் நீலச் சாயம் ஏற்றினால், நன்றாக வளர்ந்த மணி அடர்நீலமாகத் தெரியும். சரியாக வளராதது வெளிறிக் கிடக்கும். திரவத்தை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், கிறிஸ்துமஸ் அன்றைக்கும்தான். பண்டிகைக்கு வரவில்லை என்று பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இதில் மரபணு எங்கே வருகிறது? ஜி.டி.எஃப்.5 என்று ஒரு மரபணு. கருவில் மூட்டுகள் உருவாகவே அது வேண்டும். அதன் டி.என்.ஏ. எழுத்து வரிசையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் சி என்ற எழுத்துக்குப் பதில் டி இருப்பவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுதல் என்று 2007-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். டி இருந்தால் அந்த மரபணு சற்றுக் குறைவாக வேலை செய்கிறது. இப்படி நூற்றுக்கணக்கான எழுத்து மாற்றங்கள் இன்று தெரியும். பெரும்பாலானவை புரதத்தைக் கெடுப்பதில்லை, அதன் அளவைத்தான் கூட்டிக் குறைக்கின்றன. எந்த மரபணுவில், எந்தச் செல்லில், எப்போது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. உங்கள் மாமியாரின் முட்டில் அதைப் பார்க்க முடியாது, அங்கே சேதம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. குருத்தெலும்பு உருவாகும்போதே பார்க்க வேண்டும். ஸ்டெம் செல் அங்கே எதற்கு என்றால் இதற்குத்தான், மருந்தாக அல்ல.

மஜ்ஜைச் செல்களைக் காலவரையின்றிப் பெருக்க முடியாது. தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றும் வழியை ஷின்யா யமனாகா 2006-ல் எலியிலும் அடுத்த ஆண்டு மனித செல்லிலும் காட்டினார். அந்தச் செல்களில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் ஒரே ஓர் எழுத்தை மட்டும் மாற்றலாம். மாற்றியதிலிருந்து ஒரு மணி, மாற்றாததிலிருந்து ஒரு மணி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த எழுத்தின் வேலை தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் எனக்குத் தீராத ஆதங்கம். இந்த மரபணுப் பட்டியல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து வந்தவை. ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் பனையேறிகளும் அண்டி தல்லும் பெண்களும் நிறைந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்கள் அதில் எங்கே? உங்கள் மகளைப் போன்றவர்கள் படித்து வந்து கேட்டால்தான் அது மாறும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். 2017-ல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஸ்டெம் செல் சிகிச்சை சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குத்தான் ஏற்கப்பட்டது. மற்ற நோய்களுக்கு அது பதிவு செய்த ஆய்வுகளில் மட்டும்தான், அங்கே நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அதன்பின் தானமாகப் பெற்ற மஜ்ஜைச் செல்களில் செய்த ஒரு மருந்துக்கு, ஆரம்ப, நடுக்கட்டத் தேய்மானத்துக்கென்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் அனுமதி கிடைத்திருக்கிறது. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி அதிலுள்ள செல்களை அன்றைக்கே முட்டில் ஏற்றுவது இந்த மருந்து அல்ல. என்ன மருந்து, யார் அனுமதித்தது என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முட்டு முழுதும் தேய்ந்திருந்தால் எலும்பு டாக்டரிடம் மூட்டு மாற்று பற்றிப் பேசுவதே மேல்.

செலவு பற்றி: மகள் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்குத் தேறியிருந்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி.

கேள்வி: அப்பா பனையேறி. இரண்டு முட்டும் போய்விட்டது. எனக்கு 38 வயது. மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?
– ஒரு வாசகர், இரணியல்

பதில்: வேண்டாம். கர்நாடகத்தில் சாகர் தாலுகா ஹந்திகோடு கிராமத்தின் பெயரிலேயே பரம்பரையாக வரும் ஒரு மூட்டு நோய் இருக்கிறது. அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பிள்ளையைப் பாதிக்கலாம். உங்கள் அப்பாவுக்கு வந்த சாதாரணத் தேய்மானம் அப்படியில்லை. பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். அதோடு ஆண்டுக்கணக்கில் மரம் ஏறிய சுமையும். அந்தப் பரிசோதனை முடிவை வைத்து எந்த டாக்டரும் உங்களுக்கு வேறு சிகிச்சை தரப் போவதில்லை. அந்தக் காசுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய்த் தொடைத் தசைக்கான பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது தேய்மானமாக இருக்காது, முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். அப்போது தள்ளிப்போடாமல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போய்க் காட்டுங்கள்.