கடற்கரைப் படத்துக்குத் தேதி எங்கே? – கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துச் சுற்றுச்சூழல் செய்திகளை வரைபடமும் படமுமாக இணையத்தில் போடுவது என் வேலை. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

முதுநகர்: அக்கா, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை வாடையை எப்படிச் செய்தியாக்குவது? படம் பிடிக்க முடியாதே?

படம் எதற்கு, நோட்டு போதும். 2004இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்து, பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பையை வைத்துக் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நேரம், எந்தப் பக்கக் காற்று, என்ன வாடை என்று எழுதி வைப்பதுதான் அடிப்படை. "ராத்திரி 11.40, கீழ்க்காற்று, அழுகின முட்டை, பத்து நிமிஷம்." இப்படி நாற்பது வரி சேர்ந்ததும் வரைபடத்தில் ஏற்றி, காற்றுத் திசைக்கு அம்புக்குறி போடுங்கள். அம்புகள் ஒரே இடத்தைக் காட்டினால் கேள்வி கேட்க ஆதாரம் கிடைத்தது. அழுகின முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு என்று சந்தேகிக்கலாம். ஆனால் ஆய்வக முடிவு வராமல் தலைப்பில் போடாதீர்கள்.

வில்லியனூர்: எந்த ஃபோன் வாங்கலாம்?

கையில் இருப்பதே போதும்.

முத்தியால்பேட்டை: மேடம், புதுச்சேரிக் கடற்கரையின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஸ்லைடரில் வைத்து "மணல் திரும்பிவிட்டது" என்று போட்டேன். ஆளாளுக்குத் திட்டுகிறார்கள்.

பார்த்தேன். இரண்டு படத்திலும் தேதி இல்லை. தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. வருஷக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியதும் அந்தப் போக்கு தடைபட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ஊர்க்கரை கரைந்தது. பிறகு தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு போட்ட பின் மணல் சேர்ந்ததும் நிஜம்தான். ஆனால் உங்கள் படத்தில் தெரிவது திட்டின் வேலையா, பருவத்தின் வேலையா? மாதம் தெரியாமல் எப்படிச் சொல்வது?

வீராம்பட்டினம்: எங்கள் பக்கம் மணல் நிறையவே இருக்கிறது. துறைமுகத்தைக் குறை சொல்வது ஃபேஷனாகிவிட்டது.

பிள்ளைச்சாவடி: அண்ணே, உங்களிடம் இருப்பது எங்களுக்கு வர வேண்டிய மணல்.

வீராம்பட்டினம்: நாங்களா பிடித்து வைத்தோம்?

சரி, சரி. வீராம்பட்டினம் சுவருக்குத் தெற்கே, பிள்ளைச்சாவடி வடக்கே; இரண்டு பேர் சொல்வதும் ஒரே கதையின் இரண்டு முனை. முத்தியால்பேட்டைக்காரர் சுவருக்கு வடக்கே மட்டும் தெரியும்படி படத்தை வெட்டிவிட்டார், அதனால்தான் இந்தச் சண்டை. சுவரின் இரு பக்கமும் ஒரே சட்டத்தில் வரட்டும்.

விருத்தாசலம்: நெய்வேலிச் சுரங்கம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று மேலிருந்து காட்ட முடியுமா?

முடியும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், சுமார் 5 நாளுக்கு ஒன்று, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டர். மழைக்காலத்தில் மேகம் மறைக்கும். வளையமாதேவியில் 2023 ஜூலையில் சுரங்கத்துக்காக நெற்பயிருக்குள் இயந்திரம் இறக்கி வெட்டிய கால்வாய்க் கோட்டைத் தேடிப் பாருங்கள். ஆனால் அந்தப் பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது, யார் வரப்பில் நின்று அழுதார் என்பது வானத்திலிருந்து தெரியாது. வயலுக்குப் போகணும். அப்புறம், படத்தில் தேதி போடுங்கள்.

மஞ்சக்குப்பம்: வாட்ஸாப்பில் வந்த புயல் படம் ஃபெஞ்சலா, தானேயா?

மறுபடியும் தேதி! தானே 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. இரண்டும் மாதக் கடைசி, இரண்டும் நம் கரை. சாய்ந்த மரத்தில் வருஷம் எழுதியிருக்காது. எடுத்தவரைக் கண்டுபிடியுங்கள், முடியாவிட்டால் போடாதீர்கள்.

பண்ருட்டி: இதில் மாசம் எவ்வளவு சம்பாதிக்கலாம்?

என்னிடம் கேட்கிறீர்களே!

திருப்பாதிரிப்புலியூர்: வீடியோ எடுக்க நல்ல ஃபோன் சொல்லுங்கள் அக்கா.

வில்லியனூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

முத்தியால்பேட்டை: மேடம், தேடிப் பார்த்தேன். பழைய படம் நவம்பர், புதிய படம் ஜூலை.

அப்போ தலைப்பு நிற்காது. பழையதைச் சத்தமில்லாமல் அழிக்க வேண்டாம். மேலே "திருத்தம்" என்று போட்டு, இரண்டு மாதத்தையும் எழுதுங்கள். அடுத்த நவம்பரில் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்து வையுங்கள்.