கரண்ட் பில், கரண்ட் அக்கவுண்ட்: என்ன தொடர்பு?

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் தொடங்கச் சொல்கிறார்கள். படிவத்தில் 'கரண்ட் அட்ரஸ்' என்று ஒரு கட்டம். அதற்குச் சான்றாகக் கரண்ட் பில். செய்தியைப் போட்டால் நாட்டுக்கே கரண்ட் அக்கவுண்டில் பற்றாக்குறையாம். மின்சாரத்துக்கும் இதற்கெல்லாம் என்ன தொடர்பு?

பதில்: மின்சாரத்தோடு தொடர்பில்லை, ஓட்டத்தோடுதான். லத்தீனில் 'குர்ரேரே' என்றால் ஓடுவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஆற்றிலும் கடலிலும் உள்ள நீரோட்டத்தைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் பலர் மின்சாரத்தையும் ஒரு திரவமாகவே நினைத்தார்கள். அதனால் அதன் ஓட்டத்துக்கும் அதே பெயர். (கேக்கில் போடும் குட்டி உலர்திராட்சைக்கும் 'கரண்ட்' என்று பெயர் உண்டு. அது வேறு குடும்பம், கிரேக்கத்தின் கொரிந்த் ஊர்ப் பெயரிலிருந்து வந்தது.)

இப்போது ஓடிக்கொண்டிருப்பது எதுவோ அதுவும் கரண்ட். ஆகவே அந்தக் கட்டத்தில் இப்போது குடியிருக்கும் முகவரியை எழுதுங்கள்; சொந்த ஊர் முகவரிக்குத் தனிக் கட்டம் இருக்கும். கரண்ட் பில் என்பது நம் ஊர் வழக்கு. லண்டன்காரரிடம் சொன்னால் 'இந்த மாதத்து பில்' என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் அந்த பில் மின்னோட்டத்துக்கானதும் அல்ல. மின்னோட்டத்தின் அளவு ஆம்பியர். நாம் பணம் கட்டுவது யூனிட்டுக்கு, அதாவது கிலோவாட் மணிக்கு.

சரி, கணக்குக்கு வருவோம். தினமும் பணம் வந்து போய்க்கொண்டிருக்கும் வியாபாரிகளுக்கானது கரண்ட் அக்கவுண்ட். சேமிப்புக் கணக்கில் இருப்பதுபோல எத்தனை முறை போடலாம், எடுக்கலாம் என்ற கெடுபிடி இதில் இருக்காது. ஆனால் வட்டி கிடையாது, குறைந்தபட்ச இருப்பும் பொதுவாக அதிகம். கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: இருப்பு குறைந்தால் எவ்வளவு பிடிப்பார்கள்? மாதம் எவ்வளவு ரொக்கம் வரை கட்டணமில்லாமல் செலுத்தலாம்? என் யோசனை, கடைக்குத் தேவையானதை மட்டும் இதில் வைத்துவிட்டு மிச்சத்தைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வட்டியில்லாமல் பணம் ஏன் சும்மா கிடக்க வேண்டும்?

செய்தியில் வருவது வங்கிக் கணக்கே அல்ல. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், தமிழிலும் இரண்டையும் 'நடப்புக் கணக்கு' என்பதால்தான் இவ்வளவு குழப்பம். ஏற்றுமதி, இறக்குமதி, சேவைகள், வெளிநாட்டிலிருந்து வரும் வருமானம் எல்லாம் சேர்ந்த நாட்டின் வரவு செலவு அது. வரவைவிடச் செலவு மிஞ்சினால் பற்றாக்குறை. 2012-13இல் இந்தியாவுக்கு அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதம் வரை போனது. துபாயிலிருந்து உங்கள் தெருக்காரர் வீட்டுக்கு அனுப்பும் பணமும் இதில் வரவுதான்.