முற்றத்து நடைபாதை: இரண்டு பருவமழைக்கும் தாங்கும் காங்கிரீட் எது?

கேள்வி: திருவட்டாறு அருகே எங்கள் வீடு. கேட்டிலிருந்து வராந்தா வரை 40 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள பழைய சிமெண்ட் பாதை இருக்கிறது. அதில் பாதி தூரம் பலா மரத்தின் நிழலில் கிடக்கிறது. கடந்த ஆடியில் 74 வயதான என் அம்மா பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பாதையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட நினைக்கிறோம். ஒருவர் கல் பாவியது போல அச்சுப் பதித்த, பளபளப்பான ஸ்டாம்ப்டு காங்கிரீட்டைச் சிபாரிசு செய்கிறார். இன்னொருவர் வண்ணப் பேவர் பிளாக் என்கிறார். எங்கள் கொத்தனாரோ சாதாரணக் காங்கிரீட் போதும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் கொத்தனார் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் பழைய பாதையைப் போட்ட அதே முறையில் போடக் கூடாது.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. ஆண்டில் பாதிக்கு மேல் ஈரத்திலேயே கிடக்கும் ஒரு பாதைக்கு டிசைன் என்று எதைச் சொல்வது? மேற்பரப்பின் சொரசொரப்பையும், தண்ணீர் வடியும் சாய்வையும்தான் முதலில் சொல்ல வேண்டும். பூ வடிவமும் வண்ணமும் அதற்குப் பிறகு வருபவை. கடைக்காரர் காட்டும் படப் புத்தகத்தில் உள்ள பாதைகள் எல்லாம் வெயிலில் எடுத்த படங்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்டாம்ப்டு காங்கிரீட்டை முற்றிலும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வெயில் விழும் திறந்த முற்றத்தில், பராமரிக்க ஆள் இருந்தால் அது அழகாகவே இருக்கும். அதன் பளபளப்புக்குக் காரணம் மேலே பூசும் சீலர். அது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் பூசப்பட வேண்டிய பொருள். வழுக்காமல் இருக்க நுண்மணல் போன்ற துகளைக் கலந்து பூசாவிட்டால், நனைந்த சீலரின் மேல் நடப்பது எண்ணெய் சிந்திய தரையில் நடப்பதற்குச் சமம். போதாததற்கு, அடியிலிருந்து ஏறும் மண் ஈரம் அந்தப் படலத்துக்குக் கீழே சிக்கிக்கொண்டால், மேற்பரப்பு பால் சிந்தியது போல வெளிறி, பிறகு செதில் செதிலாக உரியத் தொடங்கும். நிழலும் ஈரமும் மூத்த தாயும் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம்.

இனி, பழைய பாதை ஏன் வழுக்கியது என்று பார்க்கலாம். நம் ஊர்க் கொத்தனார்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காங்கிரீட் இறுகும் நேரத்தில் அதன் மேல் காய்ந்த சிமெண்டைத் தூவி, கரண்டியால் கண்ணாடி போல இழைத்துவிடுவார்கள். வேலை முடிந்த அன்று பார்ப்பதற்கு நேர்த்தியாக இருக்கும். அந்த மெல்லிய தோல்தான் பிற்பாடு புழுதியாக உதிர்கிறது. உதிராத இடத்தில் வழுக்குகிறது. புதிய பாதையில் சிமெண்ட் தூவவே கூடாது என்று வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பதிலாகத் துடைப்பத்தால் கீறல் போடச் சொல்லுங்கள். கலவையைப் பரப்பி மட்டப்பலகையால் இழுத்த பின், மேலே மினுங்கும் நீர் தானாக வற்றும் வரை காத்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் தடம் மட்டும் பதியும் நிலையில், புதிய ஈர்க்கில் துடைப்பத்தையோ கெட்டியான நைலான் துடைப்பத்தையோ ஒரே சீராக, பாதையின் குறுக்கே ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இழுக்க வேண்டும். நெடுக்காக இழுத்தால் பயன் பாதியாகிவிடும். கீறல் குறுக்கே இருந்தால்தான் முன்னோக்கி வைக்கும் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும். பாதையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தால், அதே கீறல்களே தண்ணீரை ஓரத்துக்குக் கொண்டுசேர்க்கும் சிறு வாய்க்கால்களாகவும் ஆகிவிடும். 4 அடி அகலத்துக்கு 1 அங்குலச் சாய்வு போதுமானது. நடப்பவருக்கு அது தெரியாது. சாய்வு வீட்டுச் சுவரை நோக்கி இல்லாமல் தோட்டத்தை நோக்கி இருக்கட்டும்.

பாதையின் மட்டம் பக்கத்து மண்ணைவிட 2 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். மழையில் கரைந்துவரும் செம்மண் பாதையில் படலமாகப் படியும் இடத்தில்தான் பாசி முதலில் வேர்கொள்கிறது. ஓட்டுக்கூரையாக இருந்தால் இறவாரத் தண்ணீர் விழும் வரிசையைக் கவனியுங்கள். அந்த இடத்தில் காங்கிரீட் போடாமல், ஒரு சாண் அகலத்துக்குக் கூழாங்கல் நிரப்பிவிட்டால் சேறு தெறிப்பதும் குறையும், தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கும்.

அளவுகளைப் பொறுத்தவரை, மேல்மண்ணை அகற்றி, 4 அங்குலம் கிராவல் பரப்பி நன்றாகத் திமிசு போட்ட பின், 4 அங்குலக் கனத்துக்கு 1:1½:3 விகிதக் கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) போடலாம். உங்கள் 160 சதுர அடிக்குச் சுமார் 12 மூட்டை சிமெண்ட் ஆகும். 4 அடிக்கு ஒரு முறை, 1 அங்குல ஆழத்துக்குக் குறுக்கே வெட்டுக்கோடு போட்டால், 10 சதுரக் கட்டங்களாகப் பார்வைக்கும் ஒழுங்காக இருக்கும். காங்கிரீட் சுருங்கும்போது விரிசல் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். வராந்தாப் படியைத் தொடும் இடத்தில் அரை அங்குலத் தெர்மோகோல் வைத்துப் பிரித்துவிடுங்கள். அழகு வேண்டும் என்றால் பாதையின் இரு ஓரங்களிலும் அரை அடிக்குக் கூழாங்கல் தெரியும்படி கழுவிவிட்ட காங்கிரீட் பட்டை போடலாம். அது வழுக்காது, சீலரும் தேவையில்லை.

வேலையை ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும்; ஈரக் காங்கிரீட்டின் மேல் மழை விழுந்தால் சிமெண்ட் பால் ஓடிப்போய் மேற்பரப்பு மணலாகிவிடும். இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரவிதி. சாய்வான பாதையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது சிரமம். நனைத்த சாக்குகளை விரிப்பது எளிது.

பேவர் பிளாக்குக்கும் ஓர் இடம் உண்டு. கேட்டுக்கு அருகே குடிநீர்க் குழாயோ மின் கேபிளோ பாதையைக் குறுக்கிட்டால், அந்த 6 அடிக்கு மட்டும் பேவர் பாவுங்கள். பழுது வந்தால் கல்லை எடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம். ஐ.எஸ். 15658 தரவிதியின்படி நடப்பதற்கு மட்டும் என்றால் 50 மி.மீ. கனமுள்ள எம்-30 (வலுவைக் குறிக்கும் தரம்) கல் போதும். கார் ஏறும் என்றால் 60 மி.மீ. கனமுள்ள எம்-35 வாங்குங்கள். ரப்பர் அச்சில் வார்த்த பளபளப்பான கல்லைத் தவிர்த்து, எந்திரத்தில் அழுத்திய சொரசொரப்பான கல்லைக் கேளுங்கள். சராசரி நீர் உறிஞ்சல் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்த 3 கிலோ கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்து, துடைத்து எடைபோடுங்கள். 180 கிராமுக்கு மேல் கூடியிருந்தால் அந்தக் கல் வேண்டாம். இரு ஓரமும் சிமெண்ட் விளிம்புக் கல்லால் கட்டப்படாவிட்டால், முதல் பெருமழையிலேயே இடுக்கு மணல் கரைந்து கற்கள் நகரத் தொடங்கும்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் பாவிய சிவப்புப் பேவர் கற்களில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா? (நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். அது சிமெண்டிலிருந்து ஈரத்தோடு மேலே வந்த சுண்ணாம்பு. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகிறது. கல்லின் வலுவுக்கு அதனால் குறைவில்லை. காய்ந்த நாளில் கெட்டித் தூரிகையால் தேய்த்துவிடுங்கள். மீதி அடுத்தடுத்த மழைகளில் மெல்ல மறையும். ஆசிட் அந்தப் படிவோடு கல்லின் தோலையும் அரித்துவிடும். அரித்த குழிகளில் அடுத்த ஆண்டு பாசி இன்னும் வசதியாக வளரும். பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவைத்துத் தேய்ப்பதே போதுமானது. ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்று வாய்மொழியாகச் சொல்லித்தான் ஓர் ஒப்பந்ததாரர் பாதை போட்டார். ஒரே மழைக்காலத்தில் விரிசல் விட்டுவிட்டது. கேட்டால் காங்கிரீட் என்றால் விரியத்தான் செய்யும் என்கிறார். (குளச்சல்)

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. மயிரிழை போன்ற விரிசல் குறையாகாது. விரிசலின் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருந்தாலோ, ஒரு ரூபாய் நாணயம் உள்ளே நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தாலோ, அடிமண்ணைச் சரியாக இறுக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்படியானால் அது சேவைக் குறைபாடு.

ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, தேதி தெரியும்படி படம் எடுங்கள். பணம் அனுப்பிய வங்கிப் பதிவும், வாட்ஸ்அப்பில் பேசிய செய்திகளும் உங்கள் சான்றுகள். வாய்மொழி உத்தரவாதத்தை இப்போதாவது எழுத்துக்குக் கொண்டுவர, "ஐந்து ஆண்டு என்று நீங்கள் சொன்னபடி சரிசெய்து தாருங்கள்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அதற்கு அவர் எழுதும் பதிலே சான்றாகலாம். பிறகு பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்பலாம். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடவும் முடியும்.

இனி இப்படி வேலை கொடுப்பவர்கள் கனம், கலவை விகிதம், வெட்டுக்கோட்டின் இடைவெளி, சாய்வு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே முன்பணம் கொடுங்கள். கூலியில் பத்தில் ஒரு பங்கை அடுத்த மழை முடியும் வரை நிறுத்திவைக்கவும் அதே தாளில் ஒப்புக்கொள்ளச் செய்யலாம். அதற்கு முகம் சுளிப்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.