ராம்நாடு கடற்கரையில எங்க ஓடலாம்? கேட்டவங்களுக்கு என் பதில்

ராமநாதபுரத்துலயே பொறந்து வளந்து பதினாலு வருஷமா காலையில ஓடிக்கிட்டு இருக்கேன். கோச் கீச் எல்லாம் கிடையாது, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேத்துட்டேன். பாதிப் பேரு "எத்தனை கிலோமீட்டர்"னுதான் ஆரம்பிக்கிறீங்க. நம்ம பக்கம் முதல்ல கேக்க வேண்டியது இன்னைக்குக் காத்து எங்க இருந்துன்னு, தூரமெல்லாம் அப்புறம்.

சென்னையில இருந்து ஜனவரியில வர்றேன் அண்ணா. தனுஷ்கோடியில ஹாஃப் மாரத்தான் தூரம் ஓட முடியுமா?

தாராளமா. முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒம்பதரை கிலோமீட்டர், 2017ல திறந்த ரோடு. சத்திரத்துக்கு முன்னாடியே ராமேஸ்வரம் பக்கமா ஒரு கிலோமீட்டர் தள்ளி ஆரம்பிச்சீங்கன்னா போக வர 21 ஆயிடும், ஹாஃப் மாரத்தான்னா 21.1, குறையிற நூறு மீட்டருக்கு அரிச்சல்முனை ரவுண்டானாவை நல்லா ஒரு சுத்து சுத்திக்குங்க. விடியுறதுக்கு முன்னாடி செக்போஸ்ட்ல விட மாட்டாங்க, நேரத்தை அப்பப்ப மாத்துறதும் உண்டு, அதனால முந்தின நாளே போய்க் கேட்டு வச்சுக்கிறது நல்லது. எட்டரைக்குள்ள முடிச்சுடுங்க, அதுக்கு மேல வேனும் காரும் வரிசை கட்டிடும்.

அந்த ரோடு தென்கிழக்கா போகுது. கச்சான் தென்மேற்குல இருந்து அடிக்கும், வாடை வடகிழக்குல இருந்து அடிக்கும், ஆகமொத்தம் ரெண்டுமே உங்க விலாவுலதான் வந்து மோதும், முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல. வேகத்துல பெருசா அடி வாங்க மாட்டீங்க, ஆனா இடுப்பு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். கச்சான் நேரத்துல மணலை அள்ளி ரோட்டுல போடும், கால் வழுக்கும், கண்ணாடி இல்லாம ஓட முடியாது. ஜனவரின்னா அந்தத் தொல்லை கம்மி. போகும்போது வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா, அதை ஆண்கடல்னு சொல்லுவாங்க, இடது பக்கம் பாக் நீரிணை, அது பெண்கடல், அமைதியா கிடக்கும்னு பேரு. ஆனா வாடை அடிக்கிற மாசத்துல பாத்தீங்கன்னா பேரை மாத்தி வச்சுட்டாங்களோன்னு இருக்கும், பெண்கடல்தான் கொந்தளிக்கும். குளிர்காலத்துல பூநாரை வரும், அதையும் பாத்துக்கலாம்.

பாதி தூரத்துல பழைய தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல ஊரும் போச்சு, பாம்பன்ல இருந்து வந்த ரயிலும் பயணிகளோட போச்சு. இடிஞ்ச சர்ச் இன்னும் நிக்குது. போகும்போது நிக்காதீங்க, திரும்பும்போது நில்லுங்க, எப்படியும் அந்த நேரத்துக்கு மூச்சு வாங்க ஒரு காரணம் வேணும்.

தண்ணி கையில இருக்கணும். நான் ஒரு தடவ மே மாசம் அரை லிட்டர் பாட்டில் ஒண்ணோட கெத்தா கெளம்பிப் போயி, திரும்பி வர்ற வழியில பதினாலாவது கிலோமீட்டர்ல கண்ணு இருட்டி ரோட்டோரமா உக்காந்துட்டேன். வலை சரி பண்ணிக்கிட்டு இருந்த குடும்பத்துல ஒரு அம்மா "ஏன்யா, இந்த வெயில்ல யாரு தொரத்துறா உன்னைய"ன்னு கேட்டுட்டு ஒரு சொம்பு நீராகாரம் உப்புப் போட்டுக் குடுத்தாங்க. அதுல இருந்து ஒவ்வொரு 3 கிலோமீட்டருக்கும் நாலு மடக்கு, உப்புச் சேத்த தண்ணி, தாகம் எடுத்தாலும் எடுக்காட்டியும்.

பாம்பன் பாலத்துல ஓடலாமா?

ரோட்டுப் பாலம் ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, நடுவுல தூக்கி இருக்கும், மேடு ஏறிப் பழகணும்னா இந்த மாவட்டத்துல அதை விட்டா வேற வழியே இல்ல, மத்ததெல்லாம் தட்டைப் பூமி. ஆனா விடியக்காலம் மட்டும். ஆறரைக்கு மேல கார்க்காரங்க எல்லாம் புது ரயில் பாலத்தைப் பாத்துக்கிட்டே ஓட்டுறாங்க, உங்களைப் பாக்க மாட்டாங்க. காத்து பலமா இருக்கிற நாள்ல வேண்டவே வேண்டாம்.

பீச்ல வெறுங்காலோட ஓடுனா நல்லதுன்னு சொல்றாங்களே, அரியமான்ல ட்ரை பண்ணலாமா?

அரியமான் நல்ல இடம், சவுக்குத் தோப்பு நிழல் வேற. ஆனா முதல் நாளே 5 கிலோமீட்டர் போயிட்டு மறுநாள் படி இறங்க முடியாம எனக்கு மெசேஜ் போடாதீங்க. மணல்ல குதிகால் உள்ள இறங்கும், கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநாணும் கூடுதலா வேலை பாக்கும். ஈர மணல்ல, தண்ணி வடிஞ்ச கெட்டியான பட்டையில, பத்து நிமிஷம், வாரத்துக்கு ரெண்டு நாள், இப்படி ஆரம்பிங்க. கரை கடலைப் பாத்துச் சரிஞ்சு இருக்கும், ஒரே பக்கமா ரொம்பத் தூரம் போனா ஒரு கால் குட்டையான மாதிரி ஆயி முட்டி வலிக்கும், அதனால சின்னச் சின்னதாப் போயிட்டுத் திரும்பணும். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் அரியமான், தேவிபட்டினம்னு வடக்குப் பக்கக் கடல் அமைதியா இருக்கும், ஓடுறதுக்குக் கரை கிடைக்கும். அப்ப தெற்குப் பக்கம் அலை மேல வரைக்கும் ஏறிடும். ஐப்பசி அடைமழை தொடங்குனா அப்படியே தலைகீழ், சேதுக்கரை, வாலிநோக்கம் பக்கம் போங்க.

எதிர்காத்துல போயிட்டு பின்காத்துல திரும்பணும்னு எல்லாரும் சொல்றாங்க, சரியா அண்ணே?

ஊட்டியில சரி. நம்ம வெயிலுக்கு எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. நீங்க மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்துல ஓடுறீங்க, காத்தும் அதே வேகத்துல முதுகுல தள்ளுதுன்னு வைங்க, உடம்புல காத்தே படாது, வேர்வை காயாது, சூடு உள்ளயே நிக்கும். அதுவும் திரும்பும்போது ஏழரை மணி வெயில். எனக்குப் பிடிச்ச ரூட் திருப்புல்லாணி சேதுக்கரை, போக வர 8 கிலோமீட்டர்தான், ரெண்டு பக்கமும் பனை. கச்சான் காலத்துல நான் வண்டியைச் சேதுக்கரை ஆஞ்சநேயர் கோயில்கிட்ட போட்டுட்டு வடக்க பெருமாள் கோயிலைப் பாத்து ஓடிட்டு, திரும்பும்போது எதிர்காத்துல கடலைப் பாத்து வருவேன். கஷ்டம்தான், ஆனா தலை சுத்தாது. அமாவாசை அன்னைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க, அதுலயும் ஆடி, தை அமாவாசைன்னா தர்ப்பணத்துக்கு வர்ற வண்டியில நடக்கக்கூட இடம் இருக்காது.

காக்கா (எங்க ஊர்ல அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), நான் கீழக்கரை. நோன்பு மாசத்துல ஓட்டத்தை விட்டுடணுமா? சுகர் மாத்திரையும் எடுக்கிறேன்.

விட வேண்டாம், குறைச்சுக்குங்க. நோன்பு திறக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல இருபது நிமிஷம் போதும், முடிச்சுட்டு வந்தா கஞ்சி தயாரா இருக்கும். நல்லா ஓடணும்னா ராத்திரி தராவீஹ் தொழுகை முடிச்சுட்டு. ஆனா நீங்க மாத்திரை எடுக்குறவரு, பட்டினியில ஓடுனா சுகர் சட்டுனு இறங்கும், டாக்டர்கிட்ட கேக்காம சாயங்கால ஓட்டம் வேண்டாம். இதுல நான் வாத்தியார் இல்ல காக்கா.

நானும் என் மதினியும் ஓட ஆரம்பிச்சிருக்கோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில காலையில ஐந்து மணிக்குப் போகலாமா?

இருட்டுல அந்த ரோடு வேண்டாம் தங்கச்சி, ஆம்பளைங்களுக்கும் அதேதான் சொல்லுவேன். மீன் வண்டி பறக்கும், டிரைவருக்குத் தூக்கக் கலக்கம். இங்க ஜூன்ல ஆறு மணிக்குள்ள விடிஞ்சுடும், ஜனவரியில ஆறரை ஆகும், வெளிச்சம் வந்தப்புறம் கிளம்புங்க. வலது ஓரமா, வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஓடுங்க. காதுல ஹெட்செட் வேண்டாம். அரை கிலோமீட்டர் தூரத்தையே அஞ்சு தடவ போயிட்டு வந்தாலும் அஞ்சு கிலோமீட்டர்தான், டீக்கடை கண்ணுக்கு எட்டுற தூரத்துல இருங்க. ரெண்டு வாரத்துல டீக்கடைக்காரரே "நேத்து ஏம்மா வரல"ன்னு கேப்பாரு.

அண்ணே, முதுகுளத்தூர் பக்கம். போலீஸ் செலக்‌ஷனுக்கு 1500 மீட்டர் ஏழு நிமிஷத்துல ஓடணும், எனக்கு 7:40 வருது. கண்மாய்க் கரையிலதான் ஓடுறேன்.

கரையில மெதுவான ஓட்டம் மட்டும் வச்சுக்க தம்பி. வேகமா ஓடுனா வெடிப்புல கால் மடங்கும், சீமைக்கருவேல முள்ளு ஷூவுக்குள்ளயே ஏறும், ஒரு முள்ளுக்கு ஒரு வாரம் போயிடும். வண்டி கம்மியான தார் ரோட்டுல 300 மீட்டர் அளந்து சுண்ணாம்புல கோடு போட்டுக்க. ஏழு நிமிஷம்னா 300க்கு 84 செகண்ட். அதை 82ல ஓடு, ரெண்டு நிமிஷம் நட, மறுபடி ஓடு, அஞ்சு தடவ. வாரத்துக்கு ரெண்டு நாள் இது, மத்த நாள் மெதுவா அரை மணி நேரம். முதல் 300ஐ 75ல ஓடிட்டுக் கடைசியில நாக்குத் தள்ளுறதுதான் நம்ம பயலுக நிறையப் பேரு பண்ற தப்பு. நாப்பது செகண்டைக் குறைக்க ரெண்டு மூணு மாசம் குடு.

கடல் சலிச்சுப் போச்சு. உள்பக்கம் பச்சையா ஏதாவது ரூட்?

மழைக்கு அப்புறம் வாங்க, மார்கழி, தை. சக்கரக்கோட்டை கண்மாய், தேர்த்தங்கல், ரெண்டும் பறவைச் சரணாலயம், பக்கத்து ரோட்டுல ஓடுங்க, கரை மேல ஏறிப் பறவைகளைக் கலைக்காதீங்க. தூரமா ஓடணும்னா ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைக் கண்மாய்னு சும்மாவா சொன்னாங்க, நாரைக்கே மூச்சு வாங்கும்னா நமக்கு எப்படி. சித்திரையில இதே இடத்துக்குப் போயிட்டு "பச்சை எங்க"ன்னு கேக்காதீங்க.

நாய்?

கருவாடு காயப்போடுற இடத்துல நாய் கூட்டமா இருக்கும், அதுக்கு அது ஆபீஸ். நடந்து தாண்டுங்க, ஓடாதீங்க.

ஓடி முடிச்சுட்டு பதநீர் குடிக்கலாமா?

சீசன்ல கிடைச்சா விடாதீங்க, சர்க்கரையும் உப்புச்சத்தும் ரெண்டும் இருக்கு, கலர் தண்ணி பாட்டிலுக்குக் குடுக்குற காசு மிச்சம். ஓடி முடிச்சுட்டு மட்டும். ஓடுறதுக்கு முன்னாடி ரெண்டு பனையோலைப் பட்டை நிறையப் பதநீரை இறக்கிட்டு திருப்புல்லாணி ரோட்டுல கிளம்புன ஆள் ஒருத்தன் எனக்குத் தெரியும், மூணாவது கிலோமீட்டர்ல ஒரு பனைமரத்தைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நின்னான், வண்டியில போன ஊர்க்காரங்க எல்லாம் நின்னு விசாரிச்சுட்டுப் போனாங்க, வீட்டுக்கு நான் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே சேதி போயிருச்சு.