சொந்த விருப்பத்தில் விலகுவதாகக் கடிதம் கேட்டால்

கையெழுத்துப் போடாதீர்கள். கண்டியில் பலகை விளையாட்டுக்குப் படம் வரையும் கம்பனியில் 6 வருடம், ஓடர் குறைந்ததால் விலகல் கடிதம் கேட்கிறார்கள் என்கிறீர்கள்.

ஓடர் குறைந்தது உண்மையாக இருக்கலாம், விளையாட்டுப் பொருள் செய்யும் பெரிய அமெரிக்கக் கம்பனியான ஹாஸ்ப்ரோவே 2023 டிசம்பரில் சுமார் 1,100 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஆனால் வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிய இலங்கையின் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஆட்குறைப்புக்கு உங்கள் எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அந்தக் கடிதம் கேட்பது இதைத் தவிர்க்கத்தான் என்று நினைக்கிறேன். ஹட்டனில் என் தங்கையிடமும் திகதி போடாத தாளைத்தான் நீட்டினார்கள், பயத்தில் போட்டுவிட்டாள், இன்னும் மனம் ஆறவில்லை.

முதலில் கடந்த 6 மாதத்தில் சராசரியாக எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று எண்ணுங்கள். 15க்குக் குறைவென்றால் இந்தச் சட்டம் பொருந்தாது, தொழிலாளர் வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபைக்குத்தான் போக வேண்டும். அப்புறம் சம்பளச் சிட்டைகள், வாட்ஸப் செய்திகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள்.

15 பேர் இருந்தால், வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடையும் உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், உங்களுக்கு 3 மாதச் சம்பளம். விலகினாலும் அது போகாது.

நிறுத்தியே விட்டால் 6 மாதத்துக்குள் தொழில் ஆணையாளரிடம் (15 பேருக்குக் குறைவென்றால் தொழில் நியாய சபையில்) முறைப்பாடு கொடுங்கள், பிந்தினால் எடுக்கமாட்டார்கள்.